அந்தக் கிளிப்புல நீ கையை அழுத்தல

மக்களே மக்களே மக்களே, வர்ற ஞாயித்துக்கெழமை சாயங்காலம் பெங்களூர்ல என் பையன் ரிங்குல ஏர்றான், நெஜமான ரெஸ்லிங் ரிங்கு, நாலு கம்பம் மூணு கயிறு, டிக்கெட் வாங்கி வந்த கூட்டம், மைக்குல அவன் பேரைச் சொல்லிக் கூப்புடுவாங்க!

சரி, நியூஸ் சொல்லியாச்சு. நம்ம ரெஸ்லிங் பேஜுல இருக்கறவங்க ஹார்ட்டு போடறதுன்னா போட்டுக்கங்க, ஆனா அதோட ஓடிராதீங்க, சித்த நேரம் உக்காந்து மீதியையும் படிங்க. மீதி அவனுக்கு எழுதினது. ஆனா உங்களுக்கும் அதுல ஒரு வேலை இருக்குது, கடைசியில சொல்றேன்.

கண்ணு, இனிமே உங்கிட்டத்தான் பேசறேன். ஏம்மா இதை ஊருக்கே போட்டேன்னு நீ கோவிச்சுக்குவேன்னு தெரியும். நானும் போன் பண்ணிப் பாத்தேன். நான் ஒரு கேள்வி கேக்க ஆரம்பிச்சதும் "மா, ஓவர் ஆக்ட் பண்ணாத"ங்கறே, பின்னாடி யாரோ கூப்புடறாங்கன்னு வெச்சிர்றே. மெசேஜ் போட்டா நீல டிக்கு வருது, அப்புறம் ஒரு கட்டைவெரல் பொம்மை வருது, அவ்வளவுதான். ஆனா நம்ம பேஜுல எவனோ ஒருத்தன் "அக்கா, சவுண்டு கம்மியா இருக்கு"ன்னு கமெண்ட் போட்டாக்கூட, அதை நீ எனக்கு முன்னாடி பாத்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பறவன். அதனால இங்கயே எழுதறேன். இங்க போட்டா நீ படிச்சே ஆவே. இதைச் சொல்லாம ஞாயித்துக்கெழமை வரைக்கும் என்னால உக்காந்திருக்க முடியாது. கல்யாண வீடியோ ஒண்ணு எடிட் பண்ண உக்காந்தேன், பொண்ணு வீட்டுக்காரங்க மண்டபத்துக்குள்ள நொழையற எடத்துல கட்டு போட வேண்டியது, காலையிலருந்து அதே எடத்துலயே நிக்கறேன்.

பேஜுல பாதிப் பேர் என்னை உன் அக்கான்னு நெனச்சிட்டு இருக்காங்க. சில பேர் ப்ரோங்கறாங்க. அவங்களுக்காக முதல்லருந்து சொல்லிர்றேன், நீ பொறுத்துக்க. எங்கப்பா மார்டள்ளி கிராமத்துலருந்து சென்ட்ரிங் வேலைக்கு மைசூருக்கு வந்தவரு. அக்ரஹாரத்துல ஒரு சந்துல வாடகைக்கு இருந்தோம். கீழ் வீட்டு ஜெயம்மாகிட்ட கேபிள் இருந்துச்சு. நான் மூணாங்கிளாஸ் படிக்கறப்ப அந்த டிவியிலதான் முதமுதலா ரெஸ்லிங் பாத்தேன். அவங்க பேசற இங்கிலீஷு ஒரு எழவும் புரியாது. யாரு நல்லவன் யாரு கெட்டவன்னு சிரிப்பை வெச்சு நாங்களே முடிவு பண்ணிக்குவோம். பேரும் நாங்களே வெச்சுக்குவோம். மஞ்சக் கலர் ஜட்டி போட்டுட்டு மலை மாதிரி ஒருத்தன் வருவான், அவன் பூசணி. அடிக்கறதுக்கு முன்னாடி பாக்கெட்லருந்து சீப்பு எடுத்துத் தலை வாரிக்கறவன் சலூன்காரன். ஜெயம்மா கொழம்புக்கு வெங்காயம் உரிச்சிட்டே, "எல்லா நாட்டகா கணே, தசரா குஸ்தி நோடு, அது குஸ்தி"ம்பா. எல்லாம் நாடகம்டி, தசராவுல நடக்குதே அதுதான் குஸ்திங்கறா. எனக்கு அழுகையே வந்துரும். நாடகம்னா எதுக்கு அவன் அப்படித் துடிக்கறான்னு சண்டைக்குப் போவேன்.

பத்தொம்பது வயசுல உன்னைப் பெத்துட்டேன். அதனால நீயும் நானும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் வளர்ந்தோம். உங்கப்பா டயர் ஃபேக்டரிக்கு ஷிஃப்டுக்குப் போனதும் நமக்கு வேற வேலையே கெடையாது. கட்டில் மெத்தையை இழுத்துக் கீழ போடுவோம். என் பழைய சேலையை முறுக்கி ஜன்னல் கம்பிக்கும் பீரோ கைப்பிடிக்கும் கட்டினா அது கயிறு. நீ சலூன்காரன், நான் பூசணி. வாடகைக்கு எடுத்த சீடியில பழைய ஷோவைப் போட்டு விட்டுட்டு, அதுல நடக்கறதை அப்படியே நாம கீழ பண்ணுவோம். ஒருக்கா உங்கப்பா சீக்கிரம் வந்துட்டாரு. நான் தரையில மல்லாக்கப் படுத்துக் கெடக்கறேன், நீ என் மேல உக்காந்து தரையைத் தட்டி ஒண்ணு, ரெண்டு எண்ணிட்டிருக்கே. மூணு எண்ணறதுக்குள்ள நான் தோளைத் தூக்கலன்னா தோத்தேன். அந்த மனுசன் சாப்பாட்டுப் பையோட வாசல்லயே நின்னுட்டு, "ஏன்டி, புள்ளை பெத்த பொம்பளை பண்ற வேலையா இது"ன்னாரு. நீ திரும்பிக்கூடப் பாக்காம, "ப்பா, ஆடியன்ஸ் உள்ள வரக்கூடாது"ன்னே. அவரு நெஜமாவே வெளிய போயி நின்னுக்கிட்டாரு. மூணு எண்ணி முடிச்சப்பறந்தான் வந்தாரு.

அந்த வயசுலதான் நாம இன்ட்டு கண்டுபிடிச்சோம். ஒரு பழைய ஷோவுல, கயித்து மேலருந்து குதிச்ச ஒருத்தன் கீழ விழுந்து அப்படியே கெடந்தான். ரெஃப்ரி அவன்கிட்டக் குனிஞ்சு என்னமோ கேட்டாரு. அப்புறம் எந்திரிச்சு ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிப் பெருக்கல் குறி மாதிரி வெச்சாரு. எனக்கு ஒண்ணும் புரியல, தோத்துட்டான்னு சொல்றாருன்னு நெனச்சேன். ஆனா அப்பறம் பாட்டு நின்னு போச்சு. சாதா சட்டை போட்ட ஆளுங்க ஸ்ட்ரெச்சர் எடுத்துட்டு ஓடி வந்தாங்க. கொஞ்ச நாள் கழிச்சு நெட் வந்தப்பறம் தேடிப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். அது உள்ள இருக்கறவங்களுக்கு ரெஃப்ரி காட்டற அடையாளம். இது நடிப்பில்ல, நெஜமாவே அடிபட்டுருச்சு, எல்லாத்தையும் நிறுத்துங்கன்னு அர்த்தம். உன்கிட்டச் சொன்னேன். நீ ரெண்டாங்கிளாஸு, அப்பத்தான் பெருக்கல் வாய்ப்பாடு படிக்கறே. "ஓ, இன்ட்டு"ன்னே. அன்னிலருந்து நம்ம வீட்டுக்கு அதான் சட்டம். எவ்வளவு வேணா கத்தலாம், உருளலாம், செத்த மாதிரி கெடக்கலாம். கையை இன்ட்டு போட்டா மட்டும் வெளையாட்டு அங்கயே நின்னுரும்.

நீ அதை எதுக்கெல்லாம் போட்டேன்னு ஞாபகம் இருக்கா? தட்டுல ராகி முத்தே, அதான் களி உருண்டை, வெச்சா இன்ட்டு. முடி வெட்டக் கூப்புட்டா இன்ட்டு. உங்கப்பா, "இதென்னடா, ஸ்கூல்ல புதுசா சொல்லிக் குடுத்த நமஸ்காரமா"ம்பாரு. அப்புறம் ஒரு நாள், கன்னடப் பரிச்சை அன்னிக்கு, வயித்தைப் பிடிச்சிட்டுச் சுருண்டு படுத்து இன்ட்டு போட்டே. நான் செய்யற வேலையை அப்படியே விட்டுட்டு உன்னைத் தூக்கிட்டு ஆட்டோவுல ஏறினேன். ஆஸ்பத்திரி வாசல் வர்றப்ப மெல்ல என் காதுல, "மா, இன்ட்டு வாபஸ்"ன்னே. எனக்குத் திட்டத் தோணல. அழுதேன். ஆட்டோக்காரரு பயந்துட்டாரு, "ஏனாய்த்தம்மா, மகுவிகே ஏனாய்த்து"ன்னு திரும்பித் திரும்பிக் கேக்கறாரு, கொழந்தைக்கு என்ன ஆச்சுன்னு. நீ அவருகிட்ட ரொம்பப் பெரிய மனுசனாட்டம், "ஒண்ணுமில்ல அங்கிள், எங்க வீட்டு விசயம்"ன்னே. அப்புறம் என் கையைப் பிடிச்சு, இன்ட்டு மட்டும் இனிமே பொய்யா போட மாட்டேன்னே. போடவும் இல்ல. பத்தாவதுல சைக்கிள்லருந்து விழுந்து மணிக்கட்டு ஒடைஞ்சப்ப, ஒரு கைதான் தூக்க முடிஞ்சுது, அதை வெச்சே பாதி இன்ட்டு போட்டே பாரு. நான் அதுக்கே ஓடி வந்தேன்.

இப்ப எதுக்கு இதெல்லாம்னா, சொல்றேன். நீ பெங்களூர் போனப்பறம் வீடு வெறிச்சுன்னு ஆயிருச்சு. அப்பத்தான் பழைய ஷோவெல்லாம் தேடித் தேடி மறுக்கா பாக்க ஆரம்பிச்சேன், தமிழும் கன்னடமும் கலந்து நானே பேசி பேஜுல போட ஆரம்பிச்சேன். ஞாயித்துக்கெழமை மத்தியானம் நீ அங்க ரூம்ல, நான் இங்க சமையக்கட்டுல, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போட்டுப் பாப்போம். மறுக்கா பாக்கறது வேற மாதிரி இருக்குது கண்ணு. சின்ன வயசுல ஜெயிச்சவனைப் பாத்தேன். இப்ப கீழ கெடக்கறவனோட கையைப் பாக்கறேன். கல்யாண வீடியோவுல தாலி கட்டற நேரத்துல எந்த மாமா கண்ணை மூடினாருன்னு ஒவ்வொரு ஃப்ரேமா நகத்திப் பாத்துப் பழகினவ நான். அப்படிப் பாத்தப்பத்தான் தெரிஞ்சுது, ஒருத்தன் இன்னொருத்தனைத் தூக்கிக் கீழ போட்டுட்டு மேல படுத்து அமுக்கறானே, அந்த நேரத்துல மணிக்கட்டைப் பிடிச்சு ஒரு அழுத்து அழுத்தறான். நல்லாருக்கியான்னு கேள்வி. கீழ இருக்கறவன் திருப்பி ஒரு அழுத்து. நல்லாருக்கேன்னு பதில். கூட்டம் கத்திட்டு இருக்குது, இவன் மொகத்துல உலகத்துலயே இல்லாத வலி, ஆனா கீழ கை ரெண்டும் அமைதியா விசாரிச்சுக்குது.

பூசணியை நாம எவ்வளவு திட்டியிருப்போம்! அவன் மேல வந்து விழறப்ப தன் முட்டியைத் தரையில ஊணித் தன் பாரத்தைத் தானே தாங்கிக்கறான் கண்ணு. கீழ இருக்கறவன் மேல வெறும் தொப்பைதான் படுது. ஒவ்வொரு ஷோவுலயும் அப்படித்தான். எல்லாரும் வெறுத்த அந்த ஆளு ஒருத்தனையும் அடிக்கவே இல்ல. அதைப் பாத்துட்டு நான் எத்தனை சந்தோசப்பட்டேன்னு உனக்குத் தெரியும். நீ ஆயுத பூசைக்கு வந்து, "மா, நான் போறது ஜிம் இல்ல, ரெஸ்லிங் ட்ரெயினிங்"னு சொன்னப்ப, உங்கப்பா டம்ளரை டக்குன்னு கீழ வெச்சாரு, நான் மட்டும் குதிச்சேனே, அதுக்கு பூசணிதான் காரணம். இது அடிச்சுக்கறது இல்ல, ஒருத்தரை ஒருத்தர் பத்திரமாப் பாத்துக்கறதுன்னு நான்தான் உங்கப்பாகிட்ட வாதாடினேன். ரிங்குல என் பேரு ராகி ராக்கெட்னு நீ சொன்னப்ப அவரே சிரிச்சுட்டாரு. "களி கிண்டி வெச்சா தொண்டையில எறங்காதவனுக்கு ராகி ராக்கெட்டாம், கேட்டியா"ன்னு பக்கத்து வீடு வரைக்கும் போயிச் சொன்னாரு. பிடிக்கலன்னா அவ்வளவு தூரம் போவாரா?

சரி, அந்தக் கிளிப்புக்கு வர்றேன். ட்ரெயினிங்ல எடுத்ததுன்னு நீ அனுப்பினியே, நீயும், ஞாயித்துக்கெழமை உன் எதிராளியா ஏறப்போற கிரணும் மோதற அது. எனக்குத் தலைகால் புரியல. ஒடனே பேசி, பாட்டு சேத்து, பேஜுல போட்டுட்டேன். கிரண் உன்னைத் தூக்கி மல்லாக்கப் போடறான். நீ கெடக்கற கெடையைப் பாத்து நான் என்ன பேசினேன்? "செல்லிங்னா இது மக்களே! வலிக்காததை வலிக்கற மாதிரி காட்டறதுக்குப் பேருதான் செல்லிங், எங்க பழைய ஆளுங்க பிச்சை வாங்கணும்!" அப்புறம் நீ எந்திரிச்சு, மொதல்ல ஓடின அதே ஓட்டத்தை மறுக்கா ஓடினே, அதே கயிறு, அதே தாவல். அதுக்கும் பேசினேன். "பாத்தீங்களா, அதே அடியை மறுக்கா வெச்சு எதிராளியைக் கொழப்பறான், என்ன தெளிவு!" நம்ம பேஜுல எதுக்கும் அவ்வளவு ஹார்ட்டு விழுந்ததே இல்ல. நீயே எனக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினே.

அதுக்கடுத்து பேஜுக்காக சலூன்காரனோட பழைய மேட்ச் ஒண்ணை எடுத்தேன். நம்ம வீட்ல பாத்துப் பாத்து சிரிச்ச மேட்ச். அவன் ஒருக்கா கயித்துல ஓடித் தாவுவான், கீழ விழுவான், எந்திரிச்சு மறுக்கா அதையே பண்ணுவான், எதிராளி எங்கயோ நின்னுட்டு முழிப்பான். "மறதி சலூன்காரன்"னு நீ அந்த மாதிரியே பண்ணிக் காட்டுவியே, அது. எனக்கு இப்பவும் சிரிப்பு வந்துச்சு. பேசறதுக்கு ஏதாவது கெடைக்குமான்னு அவன் வயசான காலத்துல குடுத்த பேட்டி ஒண்ணைத் தேடிப் பிடிச்சேன். அதுல அவன் சொல்றான், அந்த மேட்சே எனக்கு ஞாபகம் இல்ல, விழுந்தப்ப மண்டையில அடி, நான் என்ன பண்ணினேன்னு டேப்பைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்னு. சிரிச்சுட்டே சொல்றான். எனக்கு சிரிப்பு அங்கயே நின்னு போச்சு. அடுப்புல பருப்பு பொங்கி வழியுது, அதை அணைக்கக்கூடத் தோணல. உன் கிளிப்பை எடுத்தேன்.

பாட்டை எடுத்துட்டேன். என் கொரலையும் எடுத்துட்டேன். ஒவ்வொரு ஃப்ரேமா நகத்தினேன். கிரண் உன்னைப் போடறப்ப உன் தாடை நெஞ்சோட ஒட்டியிருக்கணும். அதான் மொதப் பாடம்னு நீயே எனக்குச் சொல்லிக் குடுத்தே. ஒட்டல. முதுகுக்கு முன்னாடி பின்மண்டை தரையைத் தொடுது. கிரண் மேல படுக்கறான். அவன் கை உன் மணிக்கட்டைப் பிடிக்குது, அழுத்துது. உன் வெரலெல்லாம் விரிஞ்சு கெடக்குது, பிழிஞ்சு போட்ட துணி மாதிரி. மறுக்கா அழுத்தறான். நீ திருப்பி அழுத்தல. அவன் தலையைத் தூக்கி, உங்களுக்குச் சொல்லிக் குடுக்கற மாஸ்டரைப் பாக்கறான். அதுக்குள்ள உன் தோள் எந்திரிச்சுருச்சு, எல்லாரும் கை தட்டிட்டாங்க. பழகின ஒடம்பு தானா தூக்கியிருக்கும். அப்புறம் அந்த ரெண்டாவது ஓட்டம். கிரண் அதை எதிர்பாக்கவே இல்ல கண்ணு. அவன் மொகத்தைப் பாரு. சலூன்காரனோட எதிராளி மொகம் அது.

ஒடனே உனக்குப் போன் பண்ணினேன். அந்தப் பேச்சை இங்க எழுதறேன், ஏன்னா எனக்கு அதுதான் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்குது.

"கண்ணு, அன்னிக்கு நீ விழுந்தியே, அடி பட்டுச்சா?"

"மா, நீதானே ஆஹா ஓஹோன்னு போட்டே. அது செல்லிங்மா. நீயே ஏமாந்துட்டே பாத்தியா, அப்ப நான் பாஸ்."

"சரி, பாஸ். அந்த ரெண்டாவது ஓட்டம் எதுக்கு ஓடினே?"

"எதிராளியைக் கொழப்பறதுக்கு. நீதான் சொன்னியே."

"நான் சொன்னது இருக்கட்டும். உனக்கு ஞாபகம் இருக்கா, ஓடினது?"

"மா, ஓவர் ஆக்ட் பண்ணாத. கூப்புடறாங்க, வெக்கறேன்."

நீதான் சொன்னியேன்னு சொன்னே கண்ணு. நான் நிலைக்கண்ணாடியைப் பாத்துட்டே பேசிட்டிருந்தேன், என் மொகம் எனக்கே பயமா இருந்துச்சு. சலூன்காரன் டேப்பைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டான். நீ என் கமெண்ட்ரியைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டியா? உன் தலைக்குள்ள அந்த எடத்துல ஒண்ணுமே இல்லாம, நான் பேசினதை எடுத்து அங்க வெச்சுக்கிட்டியா?

உங்க மாஸ்டருக்கும் பண்ணினேன். நீ கோவிச்சாலும் சரி. நல்ல மனுசன், மரியாதையாப் பேசினாரு. அன்னிக்கு அவருக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சாம். உன்கிட்டக் கேட்டாராம், சூப்பரா இருக்கேன் சார்னியாம். ஒரு நாள் உக்கார வெச்சுப் பாக்கலாம்னு இருந்தாராம். அதுக்குள்ள என் வீடியோவைப் பாத்துட்டாரு. "நீங்களே செல்லிங்னு சொன்னீங்க அம்மா, பெத்தவங்களுக்குத் தெரியாதான்னு விட்டுட்டேன்"னாரு. போனை வெச்சப்பறந்தான் எனக்கு ஒறைச்சுது. உனக்கு நான் சாட்சி, அவருக்கு நான் சாட்சி, ஹார்ட்டு போட்ட அத்தனை பேருக்கும் நான் சாட்சி. ஒருத்தரும் உன் தலையைப் பாக்கல, என் வீடியோவைப் பாத்தாங்க. வேற எந்த அம்மாவா இருந்தாலும் புள்ளை அப்படி விழுந்ததைப் பாத்து ஐயோன்னு கத்தியிருப்பா. நான் பாட்டு சேத்துப் போட்டேன்.

உங்கப்பா ரெண்டே வார்த்தையில முடிச்சுட்டாரு. லேப்டாப்பைக் காட்டி, இந்த ஃப்ரேமைப் பாருங்க, வெரலைப் பாருங்கன்னு அரை மணி நேரம் நான் பேசினேன். அவரு சட்டைக்கு இஸ்திரி போட்டுட்டே கேட்டாரு. ஞாயித்துக்கெழமை போட்டுட்டு வர்றதுக்குன்னு புதுச் சட்டை எடுத்திருக்காரு, உன்கிட்டச் சொல்ல வேணாம்னாரு, நான் சொல்லிட்டேன். கடைசியில, "ஏன்டி, மண்டையில அடிபட்டா டாக்டர்கிட்டக் காட்டணும். அதுக்கு எதுக்கு இத்தனை ஆராய்ச்சி"ன்னாரு. அப்புறம் அந்த இஸ்திரிப் பெட்டியை எடுக்காம அப்படியே சட்டை மேல வெச்சுட்டு நின்னுட்டாரு. காலர் பக்கம் லேசாப் பழுத்துப் போச்சு. பரவால்ல, ஜாக்கெட் போட்டா தெரியாதுங்கறாரு.

என் பயம் முழுக்கத் தப்பாவும் இருக்கலாம். அதுதான் என்னை இன்னும் படுத்துது. செல்லிங்னா அதுதானே, பாக்கறவனுக்குத் தெரியவே கூடாது. நீ அவ்வளவு நல்லா நடிச்சிருந்தா, இத்தனை வருசம் ரெஸ்லிங் பாத்த உங்கம்மாவையே முட்டாளாக்கியிருந்தா, நான் நடுத்தெருவுல நின்னு கை தட்டுவேன். ஆனா கண்ணு, முந்தாநேத்து வீடியோ கால்ல நீ லைட்டை அணைச்சு வெச்சிருந்தே. ஏன்டான்னா வெளிச்சம் கண்ணுக்கு ஒரு மாதிரி இருக்குன்னே. அப்பாவுக்கு இப்ப எந்த ஷிஃப்டுன்னு கேட்டே, சொன்னேன். சித்த நேரத்துல அதையே மறுக்கா கேட்டே. நானும் மறுக்கா சொன்னேன், அப்ப ஒண்ணும் தோணல. இப்பத் தோணுது.

நீ ரிங்குல ஏறக்கூடாதுன்னு நான் சொல்லல. சொல்லவே மாட்டேன். மெத்தையில சேலைக் கயிறு கட்டினவ நான், எந்த வாயை வெச்சுச் சொல்லுவேன்? உனக்கு இந்த மேட்ச் எவ்வளவு பெருசுன்னு எனக்குத் தெரியும். இதை விட்டா மறுபடி எப்பக் கூப்புடுவாங்களோன்னு நீ பயப்படறதும் தெரியும். ஒரு விசயம் மட்டும் கேளு. வலிக்காததை வலிக்கற மாதிரி காட்டறதுக்கு ஜனங்க டிக்கெட் வாங்கிட்டு வர்றாங்க. வலிக்கறதை வலிக்காத மாதிரி காட்டறதுக்கு ஒருத்தரும் டிக்கெட் வாங்கல, அதை யாருக்காகவும் நீ பண்ண வேண்டியதில்ல. டாக்டர்கிட்டப் போ. போயி உக்காந்து, கேக்கறதுக்கெல்லாம் ஸ்டைலாப் பதில் சொல்லாம, உள்ளதை உள்ளபடி சொல்லு. அவரு ஏறலாம்னா ஏறு, நான் மொத வரிசையில தொண்டை கிழியக் கத்தறேன். அவரு இப்ப வேணாம்னா கீழ நில்லு. கிரண் வேற ஒருத்தன் கூட மோதட்டும், ராகி ராக்கெட் அப்புறமாக் கெளம்பட்டும். பூசணி தன் முட்டியை ஊணி யாரையோ காப்பாத்தினானே, அந்த மாதிரி கிரணும் உன்னை பத்திரமாப் போடணும்னுதான் பாப்பான். ஆனா அவன் கையை அழுத்திக் கேக்கறப்ப, பதில் சொல்ல நீ முழிச்சிருக்கணும் கண்ணு. இல்லன்னா அந்தப் பையனுக்கு எப்படித் தெரியும்? ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அவன் காலத்துக்கும் அதைச் சுமக்கணும்.

உன்கிட்ட நான் விளக்கம் கேக்கல. போன்ல பேச வேணாம், மெசேஜும் டைப் பண்ண வேணாம். அன்னிக்கு அது நடிப்புன்னா, நடிப்புன்னு ஒரு வார்த்தை இங்க கமெண்ட்ல போடு. நம்பறேன். உனக்கு அந்த நேரம் ஞாபகம் இல்லன்னா, கையை இன்ட்டு போட்டு ஒரு போட்டோ அனுப்பு, அவ்வளவு போதும். மொதப் பஸ்ஸுல நானும் அப்பாவும் கெளம்பி வந்துருவோம், அவரு ஏற்கெனவே பையை வாசல்ல வெச்சுட்டாரு. இன்ட்டு வெச்சு நீ என்கிட்டப் பொய் சொன்னது ஒரே ஒருக்கா, அதையும் ஆட்டோவுலயே வாபஸ் வாங்கிட்டே. அதனாலதான் அதைக் கேக்கறேன்.

இப்ப மக்களே, உங்க வேலை. அந்தக் கிளிப்பைப் பேஜுலருந்து எடுத்துட்டேன். யாராவது சேவ் பண்ணி வெச்சிருந்தா தயவு செஞ்சு திருப்பிப் போடாதீங்க. அதுல நான் பேசினது தப்பு. அதுக்குப் பதிலா இந்த லெட்டரை ஷேர் பண்ணுங்க, அவன் கூட ட்ரெயினிங் பண்ற பசங்க கண்ணுல எல்லாம் படற வரைக்கும். டாக்டர் சரின்னு சொல்லி அவன் ஏறினான்னா, மைசூருலருந்து, பெங்களூருலருந்து எத்தனை பேர் வர முடியுமோ வாங்க, என் பக்கத்துல உக்காருங்க. காலர் பழுத்த புதுச் சட்டையில ஒருத்தரு இருப்பாரு, அவருதான் அடையாளம். நல்லாக் கத்துங்க, அவனைத் திட்டறதுன்னாலும் திட்டுங்க, அவனுக்கு அது பிடிக்கும். ஆனா அவன் கீழ கெடக்கறப்ப போனைத் தூக்காதீங்க, அவன் கையைப் பாருங்க. வெரல் விரிஞ்சு கெடந்துச்சுன்னா நான் எந்திரிச்சு என் ரெண்டு கையையும் தலைக்கு மேல இன்ட்டு போடுவேன். அது ஷோ இல்ல. நீங்களும் எந்திரிச்சு, அத்தனை பேரும் போடுங்க. ஒருத்தி போட்டா பைத்தியம்னு விட்டுருவாங்க, கூட்டமே போட்டா நிறுத்தித்தான் ஆவணும்.

கண்ணு, போனைச் சார்ஜுல போடாம கையிலயே வெச்சுட்டு உக்காந்திருக்கேன். நான் இங்க இருந்தே உன் மணிக்கட்டைப் பிடிச்சு அழுத்தறேன்னு வெச்சுக்க. திருப்பி அழுத்து.